ரெட்டை மதகு

நைனா,

பொங்கலுக்கு உன் வீட்டை வெள்ளையடிக்கலாம் என்று வாசக்காலுக்கு மேலே கையை விட்டுத் துழாவினேன். உன் கரும்புக் கத்தி வந்தது. இரும்பு துருவேறிவிட்டது. பிடியில் மட்டும் உன் வியர்வை வாடை அப்படியே இருக்கிறது. அதை முகர்ந்ததும் என் இன்னொரு கை தானாகப் புருவத்துக்கு மேலே போனது, நீ போட்ட தழும்புக்கு. செத்துப்போயும் என்னை மிரட்டுகிறாயா என்று கத்தியைப் பார்த்தே கேட்டேன். உயிரோடு இருந்தபோது மட்டும் என்ன பதில் சொல்லிக் கிழித்தாய்!

செலியமேட்டில் உன் கையால் அடி வாங்காதவர்கள் குறைவு. கரும்பு லோடு ஏற்றும்போது ஒருத்தன், 'நீ எந்த ஊர்க்காரன்?' என்று சும்மா கேட்டான். அவன் பல்லை உடைத்தாய். குலதெய்வம் எதுவென்று சொன்னால் பெண்ணுக்கு மொட்டை போடலாமே என்று அம்மா கேட்ட அன்று சோற்றுப்பானை சுவரில் போய் மோதியது. சுவரில் வழிந்த சோற்றைப் பசியோடு பார்த்துக்கொண்டு நின்றேன். "எனக்கு ஊரும் இல்ல, சாமியும் இல்ல. இன்னொரு தபா கேட்ட, வெட்டிப் பொலி போட்ருவேன்." எனக்கு மொட்டை போடாமலேயே வளர்த்துவிட்டீர்கள்.

ஊர் இல்லை என்று சொன்ன நீதான் ஒவ்வொரு சண்டையிலும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ரெட்டை மதகு முனி சாட்சியா வெட்டுவேன்டா!" என்று கத்துவாய். எந்த மதகு என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

வில்லியனூரில் மாடி ஆபீஸ் ஒன்றில் எனக்குக் கிடைத்த வேலையை உனக்கு விளங்க வைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! அமெரிக்காவில் இருக்கிறவர்களுடைய பூட்டன் ஜெர்மனியில் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினான் என்று கம்ப்யூட்டரில் தேடிக் கொடுக்கிற வேலை. அங்கே ஒரே பேரில் நாலைந்து ஊர் இருக்கும். சில ஊர்கள் சண்டையில் எரிந்து பேரே மாறியிருக்கும். பக்கத்து ஊர், ஆறு, மாவு மில், மாதா கோயில் என்று கிடைத்த அடையாளத்தை வைத்துக்கொண்டு, பழைய மேப்பை இன்றைய மேப்பின் மேலே போட்டுப் பொருத்திப் பார்ப்போம். கேட்டுவிட்டு நீ சிரித்தாய். "செத்தவன் ஊரத் தேடறதுக்கு சம்பளமா? இன்னா பொழப்பு இது!"

அந்தச் சிரிப்புதான் என்னை உசுப்பிவிட்டது. என் மகளும் மொட்டை போடாமல் நிற்கிறாள். என் புருஷன் வீட்டு வழக்கத்தில் முதல் மொட்டை தாய்வீட்டுச் சாமிக்குத்தான். 'சாமி தெரியாத குடும்பத்துல போய்ப் பொண்ணு எடுத்தோமே' என்று மாமியார் தினமும் குத்துகிறாள். எவனோ ஒரு வெள்ளைக்காரனுக்கு ஊர் கண்டுபிடித்துக் கொடுக்கிறேன், என் அப்பன் ஊரைக் கண்டுபிடிக்க மாட்டேனா?

என்னிடம் இருந்ததெல்லாம் நீ குடித்துவிட்டு உளறியவைதான். ரெட்டை மதகு. வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும். அப்புறம், ஆபீஸில் வேர்க்கடலை என்கிறார்களே, அந்த மல்லாட்டைக் கொல்லையைக் கண்டால் மட்டும் மெதுவாகிற உன் நடை. மதகு என்றால் ஏரிக்கரைதான். மேற்கே மலை இருக்கிற ஏரிகளாகப் பார்த்து, வானத்திலிருந்து எடுத்த மேப்பில் சாப்பாட்டு இடைவேளைகளில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். ஒரு கரையில் இரண்டு மதகு ஒட்டி ஒட்டி இருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு கோயில்.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை உன் மடியில் வைத்து, "உன் ஊர் இதுதானே நைனா?" என்றேன். வாங்கின கெட்டிக்காரிப் பட்டம் இன்றும் நெற்றியில் இருக்கிறது. லேப்டாப்பைத் தூக்கி அம்மிமேல் அடித்தாய். திரை தெறித்தது. தடுக்க வந்த என்னை அதே லேப்டாப்பால் அடித்தாய். ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்தாய்.

தையல் போட்டுக்கொண்டு வந்தேன். நீ அப்போதும் அதே இடத்தில், தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாய். யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"நீ அவங்களப் பாத்த மாதிரி, அவங்களும் நம்மளப் பாத்திருப்பாங்க இல்ல?"

அது எப்போதோ வானத்திலிருந்து எடுத்த படம், அங்கிருந்து நம்மைப் பார்க்க முடியாது என்றேன். நீ கேட்கவில்லை. அன்றுதான் வாயைத் திறந்தாய். தண்ணீர்ச் சண்டையில் உன் அண்ணனை அந்த மதகின் மேலேயே கிடத்தி வெட்டினார்கள். வெட்டு விழ விழ உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "நான் ஓடிட்டேன்டி. திரும்பிப் பாக்கல." அழுதாய். நீ அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

"கப்பலேறிப் போனவனையே கண்டுபிடிக்கிற நீ. அவங்க ஊட்டுலயும் உன்னாட்டம் ஒரு பொண்ணு படிச்சிருக்காதா?"

அதற்கப்புறம் சாகிறவரைக்கும் கத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாய். உன் சாவுக் களேபரத்தில் அதை யார் எங்கே செருகினார்களோ, கண்ணில் படவே இல்லை.

உன் காரியம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். கோபப்படாதே. ஊர் பேரை இதிலும் எழுதவில்லை, பார். முனி கோயிலில் மொட்டை போட்டு முடிக்கும்போது மண்வெட்டியோடு ஒரு கிழவர் வந்தார். "எந்த ஊரும்மா நீ?"

நீ பல்லை உடைத்த அதே கேள்வி. மகளை என்னோடு சேர்த்து இழுத்துக்கொண்டேன். ஆனாலும் சொன்னேன். "செலியமேடு. இந்த மதகுமேல வெட்டிப் போட்டீங்களே, அவரோட தம்பி மவ."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். அன்றைக்கு வெட்டியவர்களில் தான் ஒருத்தர்தான் மிச்சம் என்றார். பிறகு என் மகளின் மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உங்கப்பன் ஏம்மா அப்புறம் ஊருக்கே வரல? அவன் ஓடுனதோட நாங்க வுட்டுட்டோம். அவன யாரும் தேடலியே."

சொல்லிவிட்டு, மடியிலிருந்து வறுத்த மல்லாட்டையை அள்ளிக் குழந்தையிடம் நீட்டினார்.

சுவரில் வழிந்த சோறு, அம்மா வாங்கிய அடி, என் நெற்றி, வாசலிலேயே கழிந்த உன் ஆயுசு. யாரும் தேடவில்லையாம். அந்த ஆளை அந்த மதகின் மேலேயே போட்டு வெட்ட வேண்டும் என்று என் கை துடித்தது நைனா. உன் கை எப்படித் துடித்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு என் கையில் எதுவும் இல்லை. குழந்தையை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இன்று கத்தி கிடைத்திருக்கிறது. பழைய இரும்புக்காரன் தெருவில் கூவிக்கொண்டு போனான். நான் கூப்பிடவில்லை. துருவைத் தேய்த்து, எண்ணெய் போட்டு, வாசக்காலுக்கு மேலேயே வைத்துவிட்டேன்.