மேஜைக்கு அடியில் இருந்த நாற்பது நிமிடம்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

அப்பா நலம், சித்தி நலம், கடையும் நலம். எப்போதும் இந்த வரிசையில் என்னையும் சேர்த்து எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன், இந்த முறை சேர்க்கவில்லை, ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். நீயும் மூன்று வாரமாக நல்லா இருக்கேன் என்று இரண்டே சொல்லில் செய்தி அனுப்புகிறாய், போன் அடித்தால் எடுப்பதில்லை. பீங்கான் கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகக் கூவி விற்று மேலே வந்தவள் நான், எதிரில் இருப்பவர் சொல்வது மெய்யா பொய்யா என்று எனக்குத் தெரியும். போனில் பேசினால் மறுபடியும் உன்னிடம் கத்திவிடுவேனோ என்று பயந்துதான் கடிதம்.

நீ கடைசியாகப் பேசியபோது, லிஃப்டுக் கதவு மூடினால் மூச்சு அடைக்கிறது, ஒன்பது மாடியும் படியேறித்தான் ஆபீஸ் போகிறேன், மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள், போகட்டுமா அம்மா என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? பூகம்பம் வந்து பதினாலு மாசம் ஆச்சு, அப்போ வராத பயம் இப்போ எங்கேருந்துடா வருது, உன் மேல ஒரு கீறல் உண்டா, கடை மொத்தமும் நொறுங்கிப்போன நானே பதினெட்டாம் நாள் ஷட்டரைத் தூக்கிட்டேன், அந்த டாக்டர்கிட்ட போனேன்னு தெரிஞ்சா உனக்கு எவன் பொண்ணு குடுப்பான் என்றேன். நீ சரிம்மா என்று வைத்துவிட்டாய். வாங்காமல் கிளம்புகிறவர்கள் சொல்லும் சரி அது. அப்போதே எனக்குப் புரிந்தது, ஆனாலும் திருப்பிக் கூப்பிடவில்லை.

இதில் பெரிய வெட்கக்கேடு என்னவென்றால், உன்னை அப்படித் திட்டிய அன்றைக்கே எனக்கும் அது இருந்தது. வெளியே லாரி போய் அலமாரியில் கிளாஸ்கள் கிணுகிணுத்தால் போதும், நான் நினைப்பதற்கு முன்னால் உடம்பு மேஜைக்கு அடியில் போய்விடும். எதிரில் ஆள் நின்றால் பேனா மூடி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளிப்பேன். நம் கடையில் பீங்கானை ஒவ்வொன்றாக விரலால் சுண்டி, காதில் வாங்கித்தானே பொட்டலம் கட்டுவோம், நல்லது கணீரென்கும், விரிசல் விட்டது சொத்தென்கும், அந்தப் பெயரில்தான் இத்தனை வருஷ வியாபாரம். அந்தக் கணீர் கேட்டாலே எனக்கு முதுகு விறைத்துக்கொள்கிறது. அதனால் சுண்டுவதையே விட்டுவிட்டேன், யாரிடமும் சொல்லவும் இல்லை. முனைக்கடை சாப்பாட்டுக்காரருக்கு ஆறு டஜன் கிண்ணம் அப்படியே போயிற்று. கொதிக்கக் கொதிக்கக் குழம்பு ஊற்றியபோது ஒன்று விண்டு, பரிமாறிய பெண்ணுக்கு மணிக்கட்டு வெந்துவிட்டது. அவர் மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, உங்க கடைன்னு கண்ணை மூடிக்கிட்டு வாங்கினேன், நீங்களும் கண்ணை மூடிக்கிட்டே குடுத்திருக்கீங்களேம்மா என்றார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உங்க ஆளுங்களுக்குக் கழுவத் தெரியல என்று அவர் மேலேயே பாய்ந்தேன். மறுநாள் போய் அந்தப் பெண்ணைப் பார்த்தேன், கட்டுப் போட்டிருந்தாள், பரவாயில்லைம்மா என்றாள், அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கடையில் வைக்கோல் வைத்துக் கட்டும் நம் வைக்கோல் அக்காதான் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நீங்க சுண்டுறத நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு, நான் போற இடத்துக்கு வாங்க என்றாள். புதன்கிழமை தவறாமல் பல் டாக்டரிடம் போகிறேன் என்று கிளம்புவாளே, அது பல் இல்லையாம். இந்நேரம் உன் வாயில ஒரு பல்லு மிச்சம் இருக்கக் கூடாதேடி என்று கேலி செய்தேன், அவள் சிரிக்கவில்லை. பூகம்பத்தன்று அவள் தெருவுக்கு ஓடித் தப்பியவள் அல்லவா, உங்க ரெண்டு பேரையும் உள்ள விட்டுட்டு ஓடினேனே என்பது ஒன்பது மாதம் கழித்துத்தான் அவளைப் பிடித்துக்கொண்டதாம்.

போனேன். அரசு ஆஸ்பத்திரிப் பின்கட்டில் ஒரு சின்ன அறை, வாசலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் நம் கடையைத் திருப்பிக் கட்டிய மேஸ்திரி. என்னைப் பார்த்ததும் அவர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கினார், நான் பையைத் தூக்கினேன். உள்ளே இருந்த டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும், இவள் எனக்கு என்ன சொல்லப்போகிறாள் என்றுதான் உட்கார்ந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அன்னிக்கு உங்களுக்கு என்ன கேட்டுச்சு என்று மட்டும் கேட்டாள். நான் வழக்கமாகக் கடையில் எடுத்துவிடும் கதையை ஆரம்பித்தேன், உள்ள இருந்து பையன் அம்மா அம்மாங்குறான், நான் இங்க எத்தனை டஜன் போச்சுன்னு எண்ணிக்கிட்டு இருக்கேன் என்று. எல்லோரும் சிரிப்பார்கள். அவள் சிரிக்காமல், பையனுக்கு என்ன பதில் சொன்னீங்க என்றாள்.

இதை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். நிலம் ஆடி நின்ற பிறகு அலமாரி சாய்ந்து சரக்கு அறைக் கதவு அடைபட்டு நீ உள்ளே, கட்டும் மேஜைக்கு அடியில் நான். நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது. முதலில் உரக்க, பிறகு மெதுவாக, கடைசியில் அழுதுகொண்டே. எல்லாம் கேட்டது. எனக்கு அடி இல்லை, வாயில் மண் இல்லை. வாயைத் திறந்தால் மிச்சக் கூரையும் விழுந்துவிடும் போல இருந்தது, திறக்கவில்லை. ஆட்கள் வந்து ஷட்டரைப் பெயர்க்கும்வரை நாற்பது நிமிடம், அம்மா செத்துவிட்டாள் என்றுதானே நீ நினைத்திருப்பாய். வெளியே வந்ததும் நான் அதைச் சிரிப்புக் கதையாக்கி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னேன், நீ பக்கத்தில் நின்று தலை நிமிராமல் கண்ணாடித் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தாய். லீவு முடியும் முன்பே வேலை பார்க்கும் ஊருக்குக் கிளம்பினாய், வேலை அழைக்கிறது என்று நம்பிக்கொண்டேன். தப்பு என்மேல், மன்னித்துக்கொள்.

ஒரு வருஷம் கழித்து வருவது அதிசயம் இல்லை, நிறையப் பேருக்கு அப்படித்தான் வரும், அது பைத்தியமும் இல்லை சாக்கும் இல்லை என்று டாக்டர் சொன்னாள். நான் மூன்று தடவை போய்விட்டேன். சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய், சனிக்கிழமைகூட மேஜைக்கு அடியில்தான் இருந்தேன், ஆனால் பேனா மூடி என்று சொல்லவில்லை. இப்போது சுண்டிப் பார்ப்பது வைக்கோல் அக்கா. நான் போகும் நேரம் அப்பா கடையில் உட்காருகிறார், விலை கேட்பவர்களிடமெல்லாம் நாளைக்கு வாங்க என்கிறார், வியாபாரம் உருப்பட்ட மாதிரிதான்.

நீ உடனே அந்த டாக்டரைப் போய்ப் பார். பெண் கொடுக்க யோசிப்பவன் வீட்டுப் பெண் நமக்கு வேண்டாம். லிஃப்டில் ஏறு என்று யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதே, நான் சொன்னாலும் கேட்காதே. நேரம் தவறாமல் சாப்பிடு, படியேறுகிறவனுக்கு அது முக்கியம். உனக்கு எல்லாம் நல்லபடியாக ஆக வேண்டும், நீ நிம்மதியாக மூச்சுவிட்டு நீண்ட காலம் வாழ வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. டாக்டரிடம் சொல்லும்போது அம்மாவாயிற்றே என்று எதையும் குறைத்துச் சொல்லாதே. கூப்பிட்டேன், கேட்டும் பதில் சொல்லவில்லை என்று முழுசாகச் சொல்.

உன் அம்மா