கண்ணீர் அஞ்சலித் தாளில் வழுக்கிய குஞ்சுகள்

இன்று காலை முட்டை பொரிக்க வைக்கும் றெஜிபோம் பெட்டியின் மூடியைத் திறந்தபோது முதலில் வந்தது சூடை மீன் மணம்தான். எத்தனை முறை சவர்க்காரம் போட்டுக் கழுவியிருப்பேன். உள்ளே பல்ப் சூடேறினால் போதும், அது மறுபடி மீன்பெட்டி ஆகிவிடுகிறது. அதற்குப் பின்னால்தான் ஈர முட்டைக்கோதின் மணமும் குஞ்சுகளின் கீச்சொலியும். யன்னலடியில் பூனை வந்து குந்திவிட்டது. உங்கள் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் போகவில்லை.

மீன்காரரிடம் சும்மா கிடைத்தது என்று பெருமையாகக் கொண்டுவந்து, பல்ப் பூட்டி, எங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தீர்கள். வெளிச்சத்தில் எனக்கு நித்திரை வராது என்றதற்கு, அடைக்கோழிக்கு அருகில் படுத்திருப்பதாக நினைக்கச் சொன்னீர்கள். முட்டை வைத்த நாளை எங்காவது எழுதி வையுங்கள் என்றால், "எல்லாம் என்ர தலைக்குள்ள கிடக்கு. நீர் ஏன் யோசிக்கிறீர்?" என்பீர்கள்.

அந்தத் தலையோடுதான் ஒரு பின்னேரம் வயலில் விழுந்தீர்கள்.

வீடு நிறையச் சனம். முட்டைகள் என்றைக்கு வைத்தவை, திருப்புவதை எப்போது நிறுத்துவது, ஒன்றும் எனக்குத் தெரியாது. யாராவது பிளக்கைக் கழற்றிவிட்டுத் தேநீர்க் கேத்தலைச் செருகிவிடுவார்களோ என்று, அழுகிறவர்களின் நடுவில் இருந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சனம் என்னைப் பற்றி என்ன நினைத்ததோ.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் பொரித்தன. ஈரம் காய்ந்த குஞ்சுகளை உங்கள் தம்பி வேறொரு பெட்டிக்கு மாற்றினார். அடியில் விரிக்க அவர் கையில் அகப்பட்டது என்ன தெரியுமா? உங்கள் கமக்காரக் கூட்டாளிகள் அடித்து, மதிலெல்லாம் ஒட்டியும் மிஞ்சிய கண்ணீர் அஞ்சலித் தாள்கள். பளபளப்பான கடதாசி. நீங்கள் கீழே கிடந்து சிரிக்க, உங்கள் முகத்தில் குஞ்சுகள் வழுக்கி வழுக்கி விழுந்தன. பின்னேரம் பார்த்தால் ஒன்றின் கால்கள் பக்கத்துக்கொன்றாக விரிந்து கிடந்தன.

"விடுங்கோ அண்ணி, அது இனித் தப்பாது" என்றார் தம்பி.

அப்போதுதான் உங்கள் குரல் ஞாபகம் வந்தது. "வழுக்கிற இடத்தில விட்டால் கால் பிரிஞ்சு போகும். காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்ரரால ரெண்டு காலையும் சேர்த்துக் கட்டுங்கோ, நடுவில கொஞ்சம் இடைவெளி விட்டு." அது எனக்குச் சொன்னதில்லை. போனில் யாருக்கோ சொன்னீர்கள். நான் குசினியில் நின்று கேட்டது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தீர்கள். எனக்கென்று ஒன்றைக்கூட உட்கார்ந்து சொல்லவில்லை.

உங்களைத் திட்டிக்கொண்டே கட்டினேன். தாள்களை உருவி எறிந்துவிட்டு நீங்கள் உடுத்த பழைய சாரத்தை விரித்தேன். நூலில் குஞ்சுகளின் நகம் பிடிபட்டது. சில நாளில் அந்தக் குஞ்சு எழுந்து நின்றது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பொரிப்புக்கும் ஒரு சாரம் வெட்டுப்பட்டுப் போகிறது. எச்சம் போகத் துவைத்துத் துவைத்து எல்லாம் நைந்துவிட்டன. இன்று அலுமாரியில் நீலக் கோட்டுச் சாரம் ஒன்றுதான் மிச்சம். அடம்பன் கடைக்குப் போனால் சாக்கு வாங்கலாம். ஆனால் குஞ்சுகள் அதுவரை நிற்க வேண்டுமே. கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்தேன். கடைசியில் வெட்டாமல் நாலாக மடித்து விரித்தேன். எல்லாம் நேராக நின்றன.

அடுத்த முட்டைகள் வைக்கும் நாளைப் பெட்டி மூடியில் பெரிதாக எழுதிவிட்டேன். தலைக்குள் நான் எதையும் வைத்துக்கொள்வதில்லை, நீங்கள் யாருக்கோ சொன்ன அந்தப் போன் பேச்சைத் தவிர.