தையலுக்கு விட்ட ஓரம்

ஆம்பூர், ஞாயிறு இரவு

அகழாய்வில் கிடைத்த பானைகளின் படங்களில் விளிம்பு வரைந்து தரும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. அதை வைத்துத்தான் கணினியில் முப்பரிமாண உருவம் செய்கிறார்கள். பானையைப் பிடித்திருக்கும் கை தெரியக் கூடாது. நானோ ஷூ கம்பெனியில் தையலுக்கு ஓரம் விட்டே தோல் வெட்டிப் பழகியவள். கோடு பானையை விட்டுத் தள்ளியே விழும், படம் திரும்பி வரும்.

இன்று தங்கை வீட்டுக்காரர் வந்தார். அவளுடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு மாட்ட, நானும் அவளும் சேர்ந்து நிற்கும் படம்தான் இருந்தது. அவளை மட்டும் வெட்டியெடுத்துக் கொடுத்தேன்.

"அக்கா, தோள்மேல இன்னாவோ ஒட்டினு இருக்குது. எடுத்துடுங்க."

என் விரல் நுனிகள்.

"பாக்குறேன் தம்பி" என்றேன். பானையாக இருந்தால் இந்நேரம் எடுத்திருப்பேன்.