அடுப்புக்கு மேல் வைத்த ஆறு அம்புகள்

சண்டை போடக்கூட ஆளில்லாமல் என்னை விட்டுப் போன என் தங்கச்சி மாலாவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் அவளைக் கொன்றிருப்பேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

வில்லைத் தூக்கிக்கொண்டு என்ன வேட்டைக்கா போகிறாய் என்று உன்னைக் கிண்டல் செய்தவள் நான்தான். காய்ச்சலோடு பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நீ உயிரோடு திரும்பி வரவில்லை. அதன்பிறகு உன் வில்லை யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிறு சும்மா எடுத்துப் பார்த்தேன். நம் தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கீழே, மண்மேட்டோரம் நீ அடுக்கி வைத்த சாக்கில் முதல் அம்பு குத்தியபோது, நீ பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. பிறகு விட முடியவில்லை.

கொழும்பில் அம்பு வாங்கப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் பளபளப்பாக இருந்ததைக் காட்டினேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விலை குறைந்த கார்பன் அம்புகளில் ஒரே நீளமும் ஒரே கனமும் உள்ள ஆறைப் பொறுக்குவதற்குள் கடைக்காரரைப் பாடாய்ப் படுத்திவிட்டாய். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் சுழற்றி, நேராகச் சுற்றுகிறதா என்று பார்த்தாய். மர அம்பு நம் பக்கத்துப் பனிக்கு வளைந்துவிடும் என்றாய். உன் கைக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் நீளமாகவே எடுத்தாய். குட்டை அம்பு பின்னால் வழுக்கிக் கையில் ஏறிவிடுமாம்.

வீட்டுக்கு வந்ததும் ஆறுக்கும் உன் சிவப்பு நகப்பூச்சால் வளையம் போட்டாய். ஒரே இடத்தில் அடித்தால் ஒன்றையொன்று உடைத்துக்கொள்ளும் என்று சாக்கில் தள்ளித் தள்ளி ஆறு கரிப்பொட்டு வைத்தாய். எய்வதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் லேசாக வளைத்து, விரிசல் சத்தம் வருகிறதா என்று காதோரம் வைத்துக் கேட்பாய். சத்தம் வந்தா அதோட ஆயுசு முடிஞ்சிருச்சுக்கா என்பாய். ஆயுசைப் பற்றி எவ்வளவு சுலபமாகப் பேசியிருக்கிறாய்.

கட்டிலுக்கடியில் நீ அம்புகளை வைத்திருந்த குழாயில், இந்த மழைக்குப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. நம் லயத்தில் நனையக் கூடாத பொருளை எங்கே வைப்போம்? அங்கேதான் நானும் வைத்தேன். அடுப்புக்கு மேலே, விறகு காயும் பலகையில். உப்பு, தீப்பெட்டி, என் பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாம் அங்கே இருந்துதானே பிழைத்தன? இரண்டு வாரம் அம்புகள் சூட்டிலும் புகையிலும் கிடந்தன. எடுத்தபோது சுக்காகக் காய்ந்திருந்தன. பிளாஸ்டிக் இறகுகள் சுருண்டிருந்ததையும் பார்த்தேன். பார்த்துவிட்டும் எய்தேன் மாலா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஐந்து அம்புகள் எப்படியோ சாக்கில் விழுந்தன. ஆறாவது, நாணை விட்டதுமே நெளிந்து மேலே எழும்பி, மண்மேட்டைத் தாண்டித் தேயிலைக்குள் போய்விட்டது. அங்கேதான் பாதை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மலையில் யார் இருக்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத் தோட்டத்தில், அன்றன்றே கூலி கொடுக்கும் கைக்காசு வேலை போட்டு, விரும்பியவர்கள் கொழுந்து பறிக்க வரலாம் என்று சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. மேலே பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. சட்டென்று நின்றது.

தேயிலைக்குள் தவழ்ந்து ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது பாதையில் யாரும் இல்லை. ரத்தமும் இல்லை, அம்பும் இல்லை. வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தேன். யாராவது ஓடிவந்து யார் பெயரையாவது சொல்லப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெறுங்கூடையோடு அம்மா வந்தாள். கையில் சிவப்பு வளையம் போட்ட அம்பு.

ஞாயிற்றுக்கிழமை நீ வில்லோடு புறப்படும் நேரத்தில் அவளால் வீட்டில் இருக்க முடியவில்லையாம், அதனால் கொழுந்துக்குப் போயிருக்கிறாள். அம்பு பின்னாலிருந்து வந்து கூடையைத் துளைத்து, நெருக்கி அடைத்திருந்த கொழுந்தில் சிக்கியிருக்கிறது. முனை அவள் முதுகைத் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. கூட வந்த பெண்களிடம் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சி, கொழுந்தையும் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். நான் காலில் விழுந்து அழுதேன். அவள் திட்டவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்புக்கு நான் பயப்படலடி. செவப்பு வளையத்தப் பாத்ததும் சின்னவதான் கூப்பிடுறானு நெனைச்சிட்டேன். போயிரலாம்னு இருந்துச்சு. நீ ஒருத்தி இருக்கறதே அந்த நேரம் மறந்துபோச்சு. அதுக்குத்தான் இப்ப பயமா இருக்கு."

நீயாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அம்புகளைக் கீழே இறக்கிவிட்டேன். வளைத்துக் கேட்டேன், இரண்டில் சத்தம் வந்தது. இனி அவற்றை எய்யமாட்டேன், தூக்கிப் போடவும் மாட்டேன். மற்ற நாலுக்கும் முனை ஒட்டிய பசை சூட்டில் இளகியிருந்தது. அதைச் சரிசெய்து, புது இறகு ஒட்டி, புதுக் குழாயில் துணி சுற்றி, அடுப்பு இல்லாத பக்கச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வில்லையே விட்டுவிடுகிறேன் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். வேண்டாம், அடுத்த ஞாயிறு நானும் வருகிறேன் என்கிறாள். பாதையைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா என்கிறாள்.

அம்புக்குச் செய்ய வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டது. அம்மாவை எங்கே பத்திரமாக வைப்பது என்றுதான் தெரியவில்லை. இந்த வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தானே.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். அம்மா எனக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாளா என்று திரும்பிப் பார்க்காமல் இனி நாணை இழுக்கமாட்டேன். நீ அவளைக் கூப்பிடாதே மாலா. கூப்பிட்டாலும் நான் அனுப்பமாட்டேன்.

இன்னும் பயந்துகொண்டே இருக்கும்,
உன் அக்கா.