வரப்பு வழி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சின்னவளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் கடையும் நலம். அப்பாவும் நலம் என்று எழுதிவிடலாம், ஆனால் இல்லாத சரக்கை இருக்கிறது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எழுந்து உட்காரவே ஆள் வேண்டியிருக்கிறது. கட்டிலைக் கடையின் பின்னறைக்கே கொண்டுவந்துவிட்டேன், வாளியும் கயிறும் தொங்குகிற இடத்தில் படுத்திருக்கிறார், விலை கேட்டு வருகிறவர்கள் அவரையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எட்டிப் பார்க்காதவன் நீ ஒருவன்தான். கோபித்துக்கொள்ளாதே, உள்ளதைச் சொன்னேன். சாயங்காலம் கடை ஓய்ந்துவிட்டால் ஆணி நிறுக்கிற தராசு காற்றில் கிரீச்சிடுவது மட்டும்தான் கேட்கிறது, அதுவாவது பேசட்டும் என்று எண்ணெய் போடாமல் விட்டுவைத்திருக்கிறேன்.

வேலை, லீவு என்று நீ எத்தனை காரணம் எழுதினாலும் எனக்குத் தெரியும், அந்த அடிதான். சின்ன வயதில் வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது வரப்பில் ஓடினாய் என்று ஊன்றுகோலாலேயே அடித்துவிட்டார். பயிரை மிதித்தால் அடிக்கிற அப்பன் உண்டு, மிதிக்காமல் போனதற்கு அடித்தவர் உலகத்திலேயே இவர்தான் என்று நீ இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாய். போன வாரம் ஒரு மத்தியானம் கடையில் ஈ காக்கை இல்லை, இவர் பக்கத்தில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தேன், நேராகவே கேட்டுவிட்டேன், பெத்த புள்ளைய ஏன் அப்படி அடிச்சீங்க, இப்பவாவது சொல்லுங்க என்று. பிடியைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வீட்டுக்கு ஓர் ஆள் என்று அப்பாவைச் சண்டைக்குக் கூட்டிப்போனது உனக்குத் தெரியும், ஏர் பிடித்த கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். கூட ஒரு தையற்காரர் இருந்தாராம், ஊசி என்றுதான் கூப்பிடுவார்களாம், பாதிப் பேர் சட்டைப் பொத்தான் அவர் தைத்ததுதான், வயலைத் தூர நின்று பார்த்ததோடு சரி. ஒரு நாள் காலையில் ஒரு வயலைக் கடக்க வேண்டும், நடுவே நேராகப் போங்கள் என்று உத்தரவு. முன்னால் போனவர் உன் அப்பா. பயிர் அப்போதுதான் முளைவிட்டு நிற்கிறது. நானா போகல, காலு தானா வரப்புல ஏறிடுச்சு என்றார். கண்ணிவெடியை வரப்பில்தான் புதைத்திருந்தார்கள். வச்சவனும் நம்மள மாதிரி ஏர் புடிச்சவன்தான், இல்லாட்டி நாம பயிர மிதிக்க மாட்டோம்னு அவனுக்கு எப்படித் தெரியும் என்றார். கால் போய் விழுந்துகிடந்தவரைத் தூக்க ஊசி அதே வரப்பில் ஓடிவந்தாராம். எறங்குடா, பயிருக்குள்ள எறங்குடா என்று இவர் கத்தினாராம். விவசாயி போன வழி சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் இறங்கவில்லை, அடுத்த வெடியில் போய்விட்டார். இதைச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. நீ ஓடிவந்த அன்றைக்கும் தூரத்திலிருந்தே இறங்கு இறங்கு என்று கத்தியிருக்கிறார், காற்றில் உனக்குக் கேட்கவில்லை. அடித்தது சரி என்று நான் சொல்லவில்லை, தப்புதான். எதைப் பார்த்துப் பயந்து அடித்தார் என்பது உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வைத்தியர் நாள் சொல்ல மாட்டேன் என்கிறார், ஆனால் முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடத் தெரிந்தவள் நான், நீ தள்ளிப்போடாதே.

மருமகளை வேளைக்குச் சாப்பிடச் சொல். சின்னவளுக்கு என் முத்தங்கள், நீங்கள் மூவரும் குறையில்லாமல் வாழ வேண்டும். மறக்காதே, பேருந்து நிற்கிற இடத்திலிருந்து சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், நம் வயல் வழியாகத்தான் வர வேண்டும். உனக்கு எழுதப்போகிறேன், ஏதாவது சொல்லணுமா என்று நேற்று அவரைக் கேட்டேன். யாரோ ஆணி கேட்டு வந்தார்கள் என்று எழுந்து கடைக்கு முன்னால் போனேன், பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னார், பயிர மிதிச்சுக்கிட்டே வரச் சொல்லு என்று. குத்தகைக்காரர் முறைப்பார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாசலைப் பார்த்திருக்கும்
உன் அம்மா