திறந்த கதவு வழியே போன அளவு

அனுப்புநர்:
அ. பெர்சிஸ்,
பதினொன்றாம் வகுப்பு,
நல்லவிளை, வள்ளியூர் அருகில்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: கல்குவாரிக்கும் எங்கள் வீட்டுக்கும் உள்ள தூரத்தை மறுபடி அளக்க வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தை அருமைநாயகம் எங்கள் ஊர்க் கல்குவாரியில் வேலை பார்க்கிறார். பழைய குழியில் வெடி வைத்தபோது ஒரு கல் எங்கள் வீட்டு ஓட்டுக்கூரையை உடைத்து என் தங்கை எப்சியின் காலில் விழுந்தது. மரத்திலிருந்து விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னோம். காலை இழுத்துத்தான் நடக்கிறாள். வயது ஐந்து.

2. இப்போது எங்கள் வீட்டுப் பக்கம் புதுக் குழி எடுக்கிறார்கள். குடியிருப்புக்கு முந்நூறு மீட்டருக்குள் குவாரி கூடாது என்பதால், குவாரிக்காரர்கள் ஒரு தனியார் அளவையாளரை அழைத்து வந்தார்கள். அவர் குழியோரம் முக்காலியை நிறுத்தி, கருவியிலிருந்து லேசர் ஒளியை எங்கள் வீட்டை நோக்கி விட்டார். ஒளி எதில் பட்டுத் திரும்புகிறதோ, அதுவரை உள்ள தூரத்தைக் கருவி காட்டும். நாடா பிடிக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு யாரும் வரவும் இல்லை.

3. எங்கள் ஊர் வீடுகளில் வாசலும் புறவாசலும் ஒரே நேராக இருக்கும். பெரிய ஆட்கள் வரும் நாளில் இரண்டையும் திறந்து வைப்பது வழக்கம். அன்று அப்பா, "ஏட்டி, ரெண்டு கதவையும் நல்லாத் தொறந்து போடு, சார்மாரு வாராவ" என்றார். திறந்தேன். பொழுது மங்கும் நேரம், பின்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். புறவாசலுக்கு நேரே வெளியில் இருக்கும் குளியலறைச் சுவரில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு இல்லை.

4. முந்நூற்று ஏழு மீட்டர் என்று எழுதி, அப்பாவிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார்கள். அது குளியலறைச் சுவர் வரை உள்ள தூரம். அங்கிருந்து முன்வாசல் வரை பள்ளி விளையாட்டு நாடாவால் அளந்தேன், பதினாறு மீட்டர். கழித்தால் எங்கள் வீடு இருநூற்றுத் தொண்ணூற்றொரு மீட்டரில்தான் இருக்கிறது. அளவையாளர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரியுமா என்று தெரியாது. கேட்கவில்லை.

5. அம்மாவிடம் சொன்னேன். "வாய மூடுட்டி. அப்பா வேல போச்சுன்னா ஒன் லேசரையா திங்கப் போற?" என்றார். அதனால் எல்லோரும் உறங்கிய பின் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நாளை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் என் தோழி அஸ்ஃபியாவின் அக்கா இதைத் தருவார்.

6. ஆகவே, கதவுகளைச் சாத்திவிட்டு மறுபடி அளக்க உத்தரவிட வேண்டுகிறேன். பதில் வீட்டுக்கு வர வேண்டாம். என் பெயரும் ஊரில் தெரிய வேண்டாம். புதன்கிழமை மதியம் புதுக் குழியில் முதல் வெடி. அதை மட்டுமாவது நிறுத்தி வைக்கவும். வெடிக்கு முன்னால் சங்கு ஊதுவார்கள், எல்லோரும் ஓடி ஒதுங்க வேண்டும். அந்நேரம் எப்சி பால்வாடியிலிருந்து வந்திருப்பாள். அம்மா வயலில், நான் பள்ளியில். அவளைத் தூக்கிக்கொண்டு ஓட வீட்டில் ஆள் இல்லை.

இடம்: நல்லவிளை
நாள்: 15.02.2026

இப்படிக்கு,
அ. பெர்சிஸ்