பூச்சு வச்சதும் குரல் கொடுக்கணும்

என் கண்ணான தம்பி முனியப்பா,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சது. எனக்கு எழுதத் தெரியாது, நான் சொல்லச் சொல்ல மருமக எழுதுறா. அழுகை வரல முனியப்பா. சோறு எறங்குது, தூக்கமும் வருது. அது ஏன்னுதான் புரியல.

உன் பையனும் என் பையனும் பந்தல்ல முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் யாருதுங்கிற தகராறு இன்னும் தீரல. உனக்குக் கொள்ளி வச்சப்பகூட ஒரு வார்த்தை பேசிக்கல. ஏதாவது சேதின்னா இந்த மருமக கிட்டதான் சொல்லி அனுப்புறாங்க.

நாமும் அப்படி இருந்தவங்கதானே? ஓசூர்ல கம்பெனி எதுவும் வராத அம்பதுகள். ஜூஜுவாடியிலிருந்து ஒரே சைக்கிள்ல பெங்களூர்ப் பக்கம் அலுமினியக் கம்பெனிக்குப் போவோம். கிணத்துத் தண்ணி முறையில சண்டை வந்து பேச்சு நின்னுபோச்சு. நீ மிதிப்ப, நான் பின்னால. அத்திப்பள்ளி தாண்டியும் வாயைத் திறக்க மாட்டோம்.

அங்கே அச்சுக்குப் பூச்சு வைக்கிறது உன் வேலை. சூடேத்தின அலுமினியக் கட்டியை பிரஸ் அந்த இரும்பு அச்சு வழியாத் தள்ளும். வெளிய வர்ற கம்பியைக் குறடு போட்டு இழுக்கிறவன் நான். கிராஃபைட்டும் எண்ணெயும் குழைச்ச பூச்சு இல்லாட்டி அலுமினியம் அச்சைக் கவ்விக்கிட்டு நிக்கும், அப்புறம் துள்ளி வந்து, இழுக்கிறவனை அடிக்கும். அதனால பூசினவன் குரல் கொடுக்கணும், அப்புறம்தான் பிரஸ்காரர் கைப்பிடியை இழுப்பார். நீ கொடுக்க மாட்ட. பக்கத்துல நிக்கிற மல்லப்பாவுக்குக் கண்ணைக் காட்டுவ. பூசியாச்சுங்கிறதை அவன் "ஹச்சாயித்து"ன்னு கன்னடத்துல கத்துவான். தகராறு உங்களுது, தொண்டை மட்டும் என்னுதான்னு சாப்பாட்டு நேரத்துல திட்டுவான்.

பொண்டாட்டிக்குப் பிரசவம்னு அவன் ஒருநாள் வரல. நீ பூசிட்டு நின்ன. பிரஸ்காரர் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு உன்னையே பார்த்தார். நான் அச்சு வாய்க்கு நேர் எதிர்ல. நீ தரையைப் பார்த்துக்கிட்டே சொன்ன.

"பூசியாச்சுண்ணா. கொஞ்சம் ஒதுங்கி நில்லு."

நான் சரின்னேன். அவ்வளவுதான். சாயங்காலம், எதிர்காத்தா இருக்கு, இன்னிக்கு நீ மிதின்னு சைக்கிளை என் பக்கம் தள்ளின. தண்ணி முறையில யார் விட்டுக்கொடுத்தோம்னு இப்பவும் எனக்குத் தெரியல. உனக்காவது தெரியுமா?

விடிஞ்சதும் என் பையனைக் கூட்டிக்கிட்டு உன் வீட்டுப் படி ஏறுறேன். வரமாட்டேன்னா நான் மட்டும் போய் உக்காருவேன். சாப்பிட்டியாடான்னு உன் பையனை முதல்ல கேக்கறேன். சுவர்ப் பேச்சு பின்னாடி இருக்கட்டும். அழுகை வந்தா அங்கேயே அழுதுக்கறேன்.

உன்கூடப் பொறந்து, உனக்கு முன்னால போக முடியாத அண்ணன்,
திம்மராயன்